ஜீப்பின் தரைத் தகட்டுக்கு எந்தப் பூச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேனி மாவட்டத்திலிருந்து விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு, கம்பமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறிச் செல்லும் ஜீப்புகளைத் தங்கள் வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். அந்த வரிசையில் என்னுடைய பழைய மகிந்திரா ஜீப்பும் ஒன்று. பூப்பாறைக்கு அப்பால் எனக்குச் சிறிய அளவில் ஏலத்தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலை முடிந்த பிறகு தோட்டம் வரை பாறையும் சேறுமான பாதைதான். வாகனங்களைப் பற்றிய எழுத்துகளில் இன்ஜினுக்கும் டயருக்கும் கிடைக்கும் இடம், நாம் கால் வைத்து அமரும் தரைத் தகட்டுக்குக் கிடைப்பதில்லை. அந்தத் தகட்டுக்கு உள்பக்கம் எந்தப் பாதுகாப்புப் பூச்சைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நான் ஒருமுறை தவறி, மறுமுறை ஓரளவு தெரிந்துகொண்டதை எழுத விரும்புகிறேன்.

முதல் தவறு 2019-இல் நடந்தது. தரையில் பழைய பெயிண்ட் உரிந்து அங்கங்கே துரு தெரியத் தொடங்கியதும், ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். மூன்றே மணி நேரத்தில் தரை முழுவதும் கன்னங்கரேலென்று மின்னியது. வண்டியின் அடிப்பாகத்துக்கு அடிக்கும் தார் கலந்த கறுப்புப் பூச்சையே உள்ளேயும் அடித்திருந்தார்கள். துருவைச் சுரண்டியிருக்கவில்லை. தரையில் தேங்கும் நீர் வடிவதற்காக இருக்கும் துளைகளையும் அதே பூச்சால் அடைத்துவிட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதன்மேல் ரப்பர் விரிப்பையும் போட்டுக்கொண்டு இரண்டு தென்மேற்குப் பருவமழைகளைக் கடந்தேன். மூன்றாவது மழைக்கு முன் ஒரு நாள் பிரேக்கை மிதித்தபோது குதிகாலுக்குக் கீழே தகடு மெத்தென்று அமுங்கியது. விரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். அது நேரே சாலைக்குப் போய்விட்டது. மேலே பூச்சு தோல்போல அப்படியே இருக்க, அதன் கீழே இரும்பு பொருக்குப் பொருக்காக இளைத்துப் போயிருந்தது. ஓட்டுநர் இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் ஒன்றைச் சுற்றியும் இதே நிலை. இருக்கையையும் இருக்கைப் பட்டியையும் பிடித்து நிறுத்தும் தகடு என்பதால் இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக நான் கருதவில்லை.

பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. பூச்சைக் கேட்டு வாங்கியவன் நான். அது எதைத் தாங்க வேண்டும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காதவனும் நான்தான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓர் ஏலத்தோட்டத்து ஜீப்பின் தரையில் என்னென்ன விழுகின்றன? சேறும் மழைநீரும் எல்லோருக்கும் தெரிந்தவை. பொட்டாஷ் உர மூட்டையிலிருந்து கொட்டும் செந்நிறத் துகள் பொட்டாசியம் குளோரைடு. கடற்கரை ஊர்களில் இரும்பை அரிக்கும் உப்புக்காற்றில் இருப்பதும் இதே குளோரைடுதான். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு என்பதால், நாம் துடைத்துவிட்டோம் என்று நினைக்கும் மூலையிலும் அது நசநசத்துக்கொண்டே இருக்கும். அடுத்தது மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் என்ற செம்பு உப்பு. அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை அடிக்காத ஏலத்தோட்டம் அரிது. நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேர்த்துத் தயாரிக்கும் அந்தக் கலவையைச் சோதிக்கப் பளபளப்பான கத்தியை அதில் அமிழ்த்திப் பார்ப்போம். கத்தியில் செம்புப் படிவம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். கத்திக்கு ஏறும் அந்தச் செம்பு, துத்த மூட்டை நனைந்து ஒழுகும்போது ஜீப்பின் தகட்டுக்கும் ஏறும். செம்பு படிந்த இடத்தில் இரும்பு கரைந்து அதற்கு விலை கொடுக்கிறது. இந்தச் சோதனையை எத்தனையோ ஆண்டுகளாகச் செய்துவந்த எனக்கு, அதே துத்தத்தை இரும்புத் தகட்டின்மேல் ஏற்றிச் செல்கிறோம் என்பது உறைக்கவே இல்லை. இவற்றோடு சுண்ணாம்பு மூட்டையின் தூள், விசைத் தெளிப்பானின் டாங்கிலிருந்து கசியும் பெட்ரோல், பூச்சிமருந்து டப்பாவின் மூடியோரம் வழியும் துளிகள் ஆகியவையும் உண்டு. ஆட்கள் அமரும் வண்டியில் பூச்சிமருந்தை ஏற்றுவதே தவறு. ஆனாலும் அது நடக்கிறது.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தால் நம் ஊரில் வழக்கமாகச் செய்யப்படும் மூன்று வேலைகளும் ஒவ்வொரு வகையில் தோற்றுப்போகின்றன. முதலாவது, ரெட் ஆக்சைடு பிரைமரும் அதன்மேல் சாதாரண எனாமல் பெயிண்டும். விலை குறைவு, யார் வேண்டுமானாலும் தூரிகையால் அடித்துக்கொள்ளலாம். ஆனால் இவை பெரும்பாலும் எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட ஆல்கிட் வகையைச் சேர்ந்தவை. ஈரச் சுண்ணாம்பு பட்டால் எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகிவிடுவதுபோல இந்தப் பெயிண்டும் மெல்ல மெல்லக் குழைந்து உரியும். வீட்டுக் கூடத்தில் நிற்கும் வண்டிக்கு இது போதும். சுண்ணாம்பு மூட்டை ஏறும் வண்டிக்குப் போதாது.

இரண்டாவது, பூப்போட்ட அலுமினியத் தகடு. பார்வைக்கு மிடுக்காக இருப்பதால் பலர் இதை விரும்புகிறார்கள். அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நடுவே உப்பு நீர் நின்றால் அது ஒரு சிறு மின்கலம். அந்த மின்கலத்தில் அரிபடுவது அலுமினியம். சுண்ணாம்பும் அலுமினியத்தை அரிக்கும், துத்தக் கரைசலும் அரிக்கும். இதைவிட மோசமானது, அந்தத் தகட்டைப் பொருத்துவதற்காகத் தரையில் போடப்படும் இருபது முப்பது திருகாணித் துளைகள். ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் பெயிண்ட் இல்லாத இரும்பு வெளிப்படுகிறது. அங்கே தொடங்கும் துருவைத் தகட்டைக் கழற்றாமல் பார்க்கவும் முடியாது.

மூன்றாவது, நான் ஏமாந்த தார்ப்பூச்சு. இதன்மேல் எனக்குக் கோபம் இருந்தாலும் நியாயமாகவே சொல்ல வேண்டும்: வண்டியின் அடிப்பாகத்தில், கல் தெறிக்கும் இடத்தில், நன்கு சுத்தம் செய்த இரும்பின்மேல் அது நல்ல பூச்சு. நீரையும் உப்பையும் அது எளிதில் உள்ளே விடாது. உள்ளே அடிக்கும்போதுதான் சிக்கல். பெட்ரோலும் டீசலும் தாரைக் கரைக்கும். பூச்சிமருந்துகள் பலவற்றில் இருக்கும் கரைப்பானும் அப்படியே. சித்திரை வெயிலில் போடி பேருந்து நிலையத்தருகே வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் இளகி, செருப்பின் அடியில் ஒட்டும். கண்ணாடியை ஏற்றியதும் வாடை தலையைச் சுற்றும். தவிர, தீப்பிடித்தால் நின்று எரியும் பொருள் அது. வாகனத்தின் உட்புறப் பொருள்கள் எந்த வேகத்தில் எரியலாம் என்பதற்கு நம் நாட்டில் ஐ.எஸ். 15061 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. அமெரிக்காவின் எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 302 விதியின்படி உட்புறப் பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. அடிப்பாகத்துக்கென்று தயாரித்த தார்ப்பூச்சு டப்பாவில் இவற்றைப் பற்றி ஒரு வரியும் இருக்காது, ஏனெனில் அதைத் தயாரித்தவர் அது வண்டிக்குள் போகும் என்று நினைத்திருக்கவே மாட்டார்.

பிறகு எதைத் தேர்ந்தெடுப்பது? பிக்கப் வண்டிகளின் சரக்குத் தொட்டிக்கென்று உருவான பாலியூரித்தேன் பூச்சுகளே ஜீப்பின் உள்தரைக்கும் பொருத்தம் என்பது என் முடிவு. இவை இரண்டு பாகமாக வரும். எடுத்துக்காட்டாக, ராப்டர் என்ற பெயரில் விற்கப்படும் பூச்சில் மூன்று பங்கு பூச்சுக்கு ஒரு பங்கு ஹார்டனரை, அதாவது இறுகவைக்கும் பாகத்தைச் சேர்த்துக் குலுக்கி அடிக்க வேண்டும். ஹார்டனர் சேர்ந்ததும் வேதிவினை நடந்து இறுகுவதால், இறுகிய பிறகு பெட்ரோல் துளியோ சுண்ணாம்போ அதை எளிதில் ஒன்றும் செய்வதில்லை. இரும்பு மண்வெட்டி விழுந்தாலும் உடையாமல் சற்றே வளைந்து கொடுக்கும். பாலியூரியா என்று ஒரு வகை இதைவிட உறுதியானது என்கிறார்கள், உண்மைதான். லைன் எக்ஸ், ரைனோ லைனிங்ஸ் போன்ற நிறுவனங்கள் பெயர் பெற்றதே இத்தகைய தெளிப்புப் பூச்சுகளால்தான். ஆனால் அதன் இரண்டு பாகங்களையும் சூடாக்கி, மிகுந்த அழுத்தத்தில், துப்பாக்கியின் முனையிலேயே கலந்து அடிக்க வேண்டும். சில வினாடிகளில் உறைந்துவிடும். அதற்கான எந்திரம் நம் ஊர்ப் பெயிண்டிங் பட்டறைகளில் கிடையாது. சாதாரண ஸ்பிரே கன்னை வைத்துக்கொண்டு ஒருவர் அதே பாலியூரியாவை அடித்துத் தருவதாகச் சொன்னால், டப்பாவை வாங்கிப் படித்துப் பார்ப்பது நல்லது. எப்பாக்சியை மட்டும் மேற்பூச்சாக அடிப்பவர்களும் உண்டு. எப்பாக்சி இரும்பைப் பிடித்துக்கொள்வதில் நிகரற்றது. ஆனால் கூரை திறந்த வண்டியில் வெயில் பட்டால் வெளுத்து மாவுபோல உதிரும். அதன் இடம் அடியில், பிரைமராக.

பூச்சின் பெயரைக் காட்டிலும் அதற்கு அடியில் செய்யப்படும் வேலைதான் ஆயுளை முடிவு செய்கிறது. என் வண்டியில் இரண்டாவது முறை இதற்கு நான்கு நாள் பிடித்தது. இருக்கைகளைக் கழற்றினோம். தார் முழுவதையும் சுரண்டி, மண்ணெண்ணெயாலும் பிறகு தின்னராலும் துடைத்தோம். தாரின் எண்ணெய்ப் பசை இருந்தால் எதுவும் ஒட்டாது. சுத்தியலால் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிப் பார்த்து, சத்தம் மங்கிய இடங்களை வெட்டி எடுத்துவிட்டு 18 கேஜ் தகட்டைப் பற்றவைத்தோம். பற்றவைத்த இடத்தில் தகட்டின் கீழ்ப்பக்கமும் பெயிண்ட் கருகியிருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே அடிப்பதற்குத்தான் அந்தத் தார்ப்பூச்சு பயன்பட்டது. சுரண்ட முடியாத குழிகளில் தங்கிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலக் கரைசலைத் தடவி, நீரால் கழுவி, உடனே உலர்த்தினோம். பிறகு தரை முழுவதும் 80 நம்பர் உப்புத்தாள். வழவழப்பான பெயிண்டின்மேல் பாலியூரித்தேன் நிற்காது, அதற்குக் கீறல்கள் வேண்டும். எப்பாக்சி பிரைமர் அடித்து, தகடுகள் சேரும் இடுக்குகளைச் சீலண்டால் நிரப்பி, அதன் பிறகே பூச்சைத் தொட்டோம். இருக்கை போல்ட்டுகளின் மரைத் துளைகளில் பழைய போல்ட்டுகளைத் திருகி வைத்தோம், வண்டியின் எர்த் வயர் பிணைக்கும் இடத்துக்கும் சேசிஸ் எண் இருக்கும் இடத்துக்கும் டேப் ஒட்டினோம். நீர் வடியும் துளைகளுக்குக் கட்டையைச் செருகிவைத்து, பூச்சு இறுகுவதற்கு முன் உருவி எடுத்தோம்.

இந்த வேலைக்குப் பருவமும் பார்க்க வேண்டும். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற பொருள், பூச்சோடு சேர வேண்டியது, வழியில் நீரைக் கண்டால் அதோடு சேர்ந்து கரியமில வாயுவை வெளிவிடும். ஈரத் தகட்டின்மேல் அடித்த பூச்சில் ரவைபோலக் கொப்புளங்கள் வருவதற்கு இதுவே காரணம். தகட்டின் வெப்பநிலை பனிப்புள்ளியைவிட (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்டிங் துறையின் பொது விதி. கருவி இல்லாதவர்கள் அதிகாலையிலும் மழை நாளிலும் வேலையைத் தொடங்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மேலே தோட்டத்தில் ஆனி, ஆடி மாதங்களில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. மலைக்குக் கீழே போடியில், மாசி பங்குனியில், நிழலில் செய்வது உத்தமம். அடித்துச் சில நாள் கழித்து வண்டியில் ஏறலாம். மூட்டைகளை ஏற்ற ஒரு வாரம் பொறுக்க வேண்டும். ஏலத்துக்கு உரம் வைக்கும் நேரத்தில் ஒரு வாரம் வண்டியை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று எனக்கும் தெரியும்.

எவ்வளவு வாங்குவது என்ற கேள்விக்குக் கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் கனம் என்பது ஒரு லிட்டர். என் வண்டியில் முன்தரை, பின்தரை, சக்கர வளைவின் உள்பக்கம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 3 சதுர மீட்டர் வந்தது. ஆகவே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மூன்று லிட்டர் இறுகிய பூச்சு தேவை. கரைப்பான் ஆவியாகிப் போகும் பங்கை இதன்மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு லிட்டர் டப்பாவைத் திறந்து முழுத் தரையையும் முடித்துவிட்டதாகச் சொல்லும் இடத்தில் கனம் எவ்வளவு இருக்கும் என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இரண்டு மில்லிமீட்டர் அடித்தாலும் எடை ஏறக்குறைய ஏழு கிலோதான் வரும். மலையேறும் வண்டிக்கு அது ஒரு பொருட்டல்ல.

சொரசொரப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பர் துகள் கலந்த பூச்சுகள் ஈரச் செருப்பு வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தத் துகள்களுக்கிடையே பொட்டாஷும் மண்ணும் புகுந்துகொண்டால் கழுவுவதற்குள் கை ஓய்ந்துவிடும். பின்பக்கம் ஆட்கள் நெருக்கியடித்து உட்காரும்போது வெறுங்காலில் உரசவும் செய்யும். நடுத்தரமான சொரசொரப்பே போதும் என்பது என் கருத்து. இரைச்சல் குறையும், சூடு குறையும் என்று சொல்லி இந்தப் பூச்சுகளை விற்பவர்களை நம்ப வேண்டாம். கியர் பெட்டியின் சூடு வரத்தான் செய்கிறது. இரைச்சலில் எனக்குத் தெரிந்து பெரிய மாற்றம் இல்லை.

விலையையும் கனத்தையும் பேசும் நாம், அடிப்பவரின் நுரையீரலைப் பற்றிப் பேசுவதில்லை. மேலே சொன்ன ஐசோசயனேட், இறுகிய பூச்சில் தீங்கற்றது. அடிக்கும்போது பறக்கும் துளிப்படலத்தில் அது இன்னும் வினை முடியாமல் இருக்கிறது. அதைச் சுவாசிப்பவருக்கு ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சிரைப்பு வரும். அத்தகையவர் அந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல், உரிய பயிற்சி பெறாதவர் இப்பொருள்களைத் தொழில்முறையில் கையாளக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். நம் பட்டறைகளில் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, ஜீப்புக்குள் குனிந்து, தலையைத் தரைக்கருகே வைத்தபடி இதை அடிக்கிறார்கள். துண்டு பெரிய பெயிண்ட் துளியைத் தடுக்கலாம், நுண்ணிய துளிப்படலத்தையும் ஆவியையும் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்றைத் தரும் முகமூடிதான் இதற்கு உரியது. அது இல்லாத பட்டறையில் ஸ்பிரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரோலராலும் தூரிகையாலும் தடவச் சொல்லலாம். காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு. ரோலரில் துளிப்படலம் பறப்பது மிகவும் குறைவு. பூச்சும் கனமாக நிற்கும். மூன்று சதுர மீட்டர் தரைக்கு ஸ்பிரே தேவையே இல்லை. ரோலரின் தடம் தெரிகிறது என்று என் மகன் குறைபட்டுக்கொண்டான். அந்தத் தடத்தின்மேல் துத்த மூட்டை ஏறிய பிறகு அவன் அதைத் தேடவில்லை.

நிறம் சாம்பலாக இருக்கட்டும் என்றேன். கறுப்பில் துரு ஒளிந்துகொள்ளும். சாம்பல் தரையில் எங்காவது பூச்சு கிழிந்து துரு ஊறினால் செம்பழுப்புக் கறை உடனே கண்ணில் படும். அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திருத்திவிடலாம். ரப்பர் விரிப்பை இப்போது போடுவதில்லை. தோட்டத்திலிருந்து இறங்கியதும் தரையில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றுகிறேன், துளைகள் வழியே வடிந்துவிடுகிறது. 2020-இல் வந்த மகிந்திராவின் புதிய ‘தார்’ (Thar) ஜீப்பில், கழுவிவிடக்கூடிய தரையும் நீர் வடிய மூடித் துளைகளும் நிறுவனமே கொடுத்திருந்தது. அந்த வண்டியை வாங்கியவர்களும் அதன்மேல் தடித்த துணி விரிப்பை ஒட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

தங்கள் நாளிதழ் வழியாகப் பட்டறை உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ஃபுளோர் கோட்டிங்’ என்று ஒற்றை வரியில் பில் எழுதாமல், அடித்த பிரைமரின் பெயர், பூச்சின் பெயர், எத்தனை லிட்டர், எந்த விகிதத்தில் ஹார்டனர், எந்தத் தேதி என்பவற்றை எழுதித் தர வேண்டும். இரண்டாவது முறை வேலை செய்த பட்டறையில் நான் கேட்டதற்கு, பெரியவர் ஒருவர் இவை அனைத்தையும் பில்லின் பின்புறம் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். சென்ற ஆண்டு பின்தரையில் ஒரு சாண் அளவுக்குப் பூச்சு கிழிந்தபோது, அந்தப் பில்லைக் காட்டி அதே பூச்சில் ஒரு சிறிய டப்பா வாங்கி நானே தடவிக்கொண்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஏலத்தோட்ட விவசாயி,
போடிநாயக்கனூர்.